கிறிஸ்துமஸ் பெட்டியில் பூத்த வெள்ளை: ஒரு புதினா சாக்லேட் ஆர்டரின் நிகழ்வு ஆய்வு

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே, முன்கூட்டிச் சொல்லி வைப்பவர்களுக்கு மட்டும், கேக்கும் சாக்லேட்டும் செய்து கொடுத்து வருகிறேன். ஒரு டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காக ஏற்றுக்கொண்ட 40 பரிசுப் பெட்டிகளில் பெரும்பகுதி கெட்டுப்போனது. அது எப்படிக் கெட்டது, காரணத்தை நானும் என் மதினியும் எப்படித் தேடிப் பிடித்தோம், அதன் பிறகு எவற்றை மாற்றினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பண்டிகை நாட்களில் புதினாவையும் சாக்லேட்டையும் சேர்த்துப் பலகாரம் செய்பவர்களுக்கு இதில் பயன் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் எங்களுக்கு நேர்ந்த ஒவ்வொரு தவறும் அந்த நேரத்தில் நியாயமாகத் தோன்றிய ஒரு முடிவிலிருந்தே பிறந்தது.

ஒரு பெட்டிக்குள் மூன்று வகைப் பண்டங்கள் இருந்தன. முதலாவது, உள்ளே புதினா கனாஷ் நிரப்பிய கறுப்புச் சாக்லேட், பெட்டிக்கு 6 துண்டு. இரண்டாவது, வெள்ளைச் சாக்லேட்டைத் தட்டில் ஊற்றி, சிவப்பு வரி போட்ட பெப்பர்மின்ட் மிட்டாயை நொறுக்கித் தூவி, இறுகியதும் உடைத்த வில்லைகள் 2. மூன்றாவது, பட்டர் பேப்பரில் சுற்றிய பிளம் கேக் ஒரு துண்டு. கனாஷ் என்பது சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்துச் செய்யும் மென்மையான பூரணம். நிரப்பிய துண்டுகள் மொத்தம் 240. எங்களிடம் இருந்தவை 24 குழிகள் கொண்ட 5 அச்சுகள், ஆகவே ஒரு சுற்றுக்கு 120 துண்டுகள் வீதம் இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டியிருந்தது. இந்த இரண்டு சுற்றுக் கணக்கு பின்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

அந்த மூன்று நாட்கள்

டிசம்பர் 21 மாலை சந்தையில் புதினாக் கட்டுகள் வாங்கினோம். மறுநாள் காலை 90 கிராம் தழையைக் கழுவி, உதறி, 600 கிராம் ஃப்ரெஷ் கிரீமில் போட்டுக் காய்ச்சி, அரை மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டி, அதில் 600 கிராம் கறுப்புச் சாக்லேட்டைக் கரைத்தோம். சுவைத்துப் பார்த்தபோது இருவருக்குமே மனம் நிறையவில்லை. புதினாவின் வாசம் இருந்தது, ஆனால் கடையில் வாங்கும் மின்ட் சாக்லேட்டைக் கடித்தவுடன் நாக்கில் ஏறும் அந்தக் குளிர்ச்சி இல்லை. "சட்னி வாசம்தான் முன்னால நிக்குது" என்றார் மதினி.

பூரணத்தில் இல்லாத குளிர்ச்சியை மேலோட்டிலாவது கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணி, ஓட்டுக்காக உருக்கி வைத்திருந்த சாக்லேட்டில் 300 கிராமைத் தனியே எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி மின்ட் எசன்ஸ் விட்டேன். நான்கைந்து முறை கிளறுவதற்குள், பட்டுத் துணியைப் போல ஒழுகிக்கொண்டிருந்த சாக்லேட் ஈர மணலைப் போலத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொண்டது. அந்த 300 கிராமும் வீண் என்று ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்து முதல் சுற்றை முடித்தோம். அச்சிலிருந்து எடுத்த 120 துண்டுகளையும் தட்டில் பரப்பி, மூடாமல், இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம்.

டிசம்பர் 23 அன்று இரண்டாம் சுற்று. ஒதுக்கிய 300 கிராமின் குறை அப்போதுதான் தெரிந்தது. மழையில் கடைக்குப் போய் வர நேரமில்லாமல், பிறந்தநாள் கேக்கை அலங்கரித்ததில் மீந்த காம்பவுண்டுச் சாக்லேட் 200 கிராமை, பானையில் இருந்த ஒரு கிலோ அசல் சாக்லேட்டோடு சேர்த்து உருக்கினேன். அச்சைக் கவிழ்த்துத் தட்டியபோது துண்டுகள் எளிதில் விழவில்லை, விழுந்தவற்றிலும் பளபளப்பு குறைவாக இருந்தது. அதை ஓர் எச்சரிக்கையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, 24-ஆம் தேதி காலை கொடுத்து முடித்தோம்.

26-ஆம் தேதி மாலை முதல் தொலைபேசி வந்தது. "அக்கா, சாக்லேட்டு மேல சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்கு. கேக்குல வேற பல்பசை வாசம் அடிக்குது, பிள்ளைங்க தொடவே மாட்டேங்குதுங்க." அடுத்த இரண்டு நாட்களில் மொத்தம் 23 வீடுகளிலிருந்து குறை வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, மீந்திருந்த பெட்டிகளைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கினோம். 11 பெட்டிகள் வந்து சேர்ந்தன.

பெட்டிகள் சொன்ன செய்தி

மழையால் கெட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் முதலில் அப்படியே நம்பினோம். ஆனால் மதினி ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் எந்தச் சுற்றுத் துண்டுகள் என்பதைக் குறிக்க 1 அல்லது 2 என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். திரும்பி வந்தவற்றில் 6 பெட்டிகள் முதல் சுற்று, 5 பெட்டிகள் இரண்டாம் சுற்று. இரு வரிசையாகப் பிரித்து மேசையில் அடுக்கியவுடன், இரண்டிலும் பூத்திருக்கும் வெள்ளை ஒன்றல்ல என்பது கண்ணுக்கே தெரிந்தது.

முதல் சுற்றுத் துண்டுகளில் வெள்ளை புள்ளி புள்ளியாக, தண்ணீர் வடிந்து காய்ந்த தடம் போலப் படர்ந்திருந்தது. விரலால் தேய்த்தால் சொரசொரத்ததே தவிர மறையவில்லை. இரண்டாம் சுற்றில் அது சாம்பல் நிறத்தில், மேகம் படர்ந்தாற்போல மழமழவென்று இருந்தது. விரல் நுனியைப் பத்து விநாடி வைத்து எடுத்தால், அந்த இடத்தில் வெள்ளை உருகி மறைந்து கறுப்பு மினுங்கியது. முன்னது சர்க்கரை பூத்தது, பின்னது கொழுப்பு பூத்தது. பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் காரணமும் வேறு, தீர்வும் வேறு. இதைப் பிரித்தறியாமல் செய்யும் எந்தத் திருத்தமும் பாதிப் பேருக்கு மட்டுமே பயன்படும்.

சர்க்கரை பூப்பதற்குக் காரணம் தண்ணீர். அந்த நாட்களில் எங்கள் அடுக்களையில் 28 பாகை வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருந்தன. அத்தகைய காற்று 24 பாகைக்குக் குறைவான எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே வரும் சாக்லேட்டின் குளிர்ச்சி அதைவிட மிக அதிகம். ஆகவே தட்டை வெளியே எடுத்த சில நிமிடங்களில் ஒவ்வொரு துண்டும் மெல்ல வியர்த்திருக்கிறது. அந்த ஈரம் மேற்பரப்பில் இருந்த சர்க்கரையைக் கரைத்து, பிறகு உலரும்போது அதைப் பெரிய படிகங்களாக விட்டுச் சென்றிருக்கிறது. மழைக்கு இதில் பங்கு உண்டுதான், ஆனால் மூடாத தட்டை நேராக அந்தக் காற்றில் கொண்டுவந்து வைத்தது நாங்கள்.

கொழுப்பு பூத்ததற்கு விளக்கம் சற்று நீளமானது. கோகோ வெண்ணெய் இறுகும்போது ஆறு விதமான படிக வடிவங்களில் ஏதேனும் ஒன்றாக அமைய முடியும் என்பதை 1966-இல் வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். அவற்றில் ஐந்தாம் வடிவம்தான் நாம் விரும்புவது. பளபளப்பு, உடைக்கும்போது வரும் 'டக்' என்ற ஓசை, அச்சிலிருந்து தானாகச் சுருங்கிக் கழன்று வரும் தன்மை, கையில் உருகாமல் நாக்கில் உருகும் குணம் எல்லாம் அதைச் சேர்ந்தவை. அந்த வடிவம் மட்டும் உருவாகும்படி சாக்லேட்டை உருக்கி, ஆற்றி, மீண்டும் சிறிது சூடாக்குவதையே டெம்பரிங் என்கிறோம். காம்பவுண்டுச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற வேறு கொழுப்பு இருக்கும், அதற்கு டெம்பரிங் தேவையில்லை. தனித்தனியே இரண்டும் நன்றாக இறுகுபவை. ஆனால் ஒன்றாகக் கலந்தால் ஒன்றின் படிகத்தில் மற்றொன்று பொருந்தாமல், கலவை இரண்டைவிடவும் இளகலாகி, உள்ளிருக்கும் கொழுப்பு மெல்ல மேலேறி வந்து வெள்ளையாகப் படிகிறது. ஆறில் ஒரு பங்கு காம்பவுண்டைச் சேர்த்த நான், அச்சிலிருந்து கழல மறுத்த அந்த நொடியிலேயே இதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது குறை கசிவு. சில துண்டுகளின் அடிமூடி விரிந்து கனாஷ் வெளியே வந்திருந்தது, ஒரு பெட்டியில் இலேசான புளிப்பு வாசமும் அடித்தது. இங்கேயும் தண்ணீர்தான். அதே அளவு தழையை மறுபடி எடுத்துச் சோதித்தபோது, 30 கிராம் புதினா கழுவி உதறிய பின் 38 கிராம் காட்டியது. அந்தக் கணக்கில் 90 கிராமுக்கு 24 கிராம் தண்ணீரைக் கிரீமோடு சேர்த்திருக்கிறோம். பொதுவாக இங்கே கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம், மீதியில் பெரும்பகுதி தண்ணீரே. அதில் சம அளவு சாக்லேட் சேர்த்த கனாஷ் இயல்பிலேயே இளகலானது. அதை முழுவதும் ஆறவிடாமல் ஓட்டில் ஊற்றி, ஓடு உட்புறம் இளகி நிற்கும்போதே மூடியும் போட்டுவிட்டோம். "ஒரு வாரம் தாங்கும்" என்று வாங்கியவர்களிடம் சொன்னதும் பிழை. அவ்வளவு ஈரமுள்ள கிரீம் பூரணம் எங்கள் ஊர் வெப்பத்தில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் இருக்கத் தகாதது. யாருக்கும் உடல்நலக் குறைவு ஏற்படவில்லை என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

வெள்ளை வில்லைகளின் மேல் தூவிய மிட்டாய்த்தூள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, சிவப்பு வரி கரைந்து ரோஜா நிறமாகப் பரவியிருந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மழைக்காலத்தில் மிட்டாய்த்தூளைத் திறந்த பரப்பில் தூவக் கூடாது.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது

இவ்வளவையும் எழுதி அடுக்கிய பிறகு, இவற்றின் தொடக்கம் எது என்று தேடினோம். காம்பவுண்டைச் சேர்க்கக் காரணம் சாக்லேட் பற்றாக்குறை. பற்றாக்குறைக்குக் காரணம் எசன்ஸ் விட்டுத் திரண்டுபோன 300 கிராம். எசன்ஸ் விடக் காரணம் தழையில் கிடைக்காத குளிர்ச்சி. ஆகவே முழுச் சங்கிலியின் முதல் கண்ணி, சந்தையில் வாங்கிய அந்தப் புதினாக் கட்டு.

நம் சந்தைகளில் கட்டாக விற்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் இனத்தைச் சேர்ந்தது. அதன் வாசனைக்குக் காரணமான முக்கியப் பொருள் கார்வோன். பிரியாணியிலும் சட்னியிலும் நமக்குப் பழகிய அந்தப் பச்சை மணம் அதுதான், அதில் குளிர்ச்சி இல்லை. குளிர்ச்சியைத் தருவது மென்தால். அது நிறைந்திருப்பது பெப்பர்மின்ட்டில், அதாவது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து பிறந்த கலப்பினத்தில். நம் உடலில் குளிரை உணரும் நரம்பு ஏற்பியையே மென்தாலும் தூண்டுகிறது, அதனால் வாயின் வெப்பம் மாறாமலேயே சில்லென்று உணர்கிறோம். அந்த ஏற்பியை 2002-இல் தனித்தனியே கண்டறிந்தவர்களான டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். ஆக, எத்தனை கட்டுப் புதினாவை ஊறவைத்தாலும் நாங்கள் தேடிய சுவை வந்திருக்காது. அரை மணி நேரம் ஊறவிட்டதால் கிடைத்தது தழையின் கசப்பு மட்டுமே.

எசன்ஸ் சாக்லேட்டைத் திரளவைத்ததற்கும் இதே தெளிவான விளக்கம் உண்டு. சாக்லேட்டில் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் கொழுப்பில் மிதக்கின்றன, தண்ணீர் ஏறக்குறைய இல்லை. அதில் ஒரு கரண்டி நீர்ம எசன்ஸ் விழுந்தால், சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. திரண்ட சாக்லேட் வீண் அல்ல என்பதைப் பின்னரே கற்றேன். சூடான பாலையோ கிரீமையோ தாராளமாக ஊற்றிக் கிளறினால் அது மீண்டும் இளகி, நல்ல சாஸாகவோ கனாஷாகவோ ஆகிவிடும், ஓடு செய்ய மட்டும் உதவாது. உருக்கிய சாக்லேட்டுக்குள் புதினாவைக் கொண்டுசெல்ல ஒரே வழி, உணவுக்குரிய தரமுள்ள பெப்பர்மின்ட் எண்ணெய். எண்ணெய் கொழுப்பில் கரைந்துவிடும்.

அந்த எண்ணெயின் வீரியம் பற்றிப் புதியவர்களுக்குச் சொல்லும்போது நான் பச்சைக் கற்பூரத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறேன். சர்க்கரைப் பொங்கலில் கடுகளவு இருந்தால் கோயில் மணம், மிளகளவு ஆனால் யாரும் வாயில் வைக்க முடியாது. எங்கள் சோதனையில் 100 கிராம் கனாஷுக்கு ஒரு சொட்டு போதுமானதாக இருந்தது. இரண்டு சொட்டில் பல்பசை நினைவு வந்துவிட்டது. குப்பியிலிருந்து நேராக விடாமல், ஒரு கரண்டி உருகிய சாக்லேட்டில் சொட்டை எண்ணிக் கலந்து, அதை முழுக் கலவையில் சேர்க்கிறோம். சேர்த்தவுடன் ருசி பார்த்து முடிவு செய்யக் கூடாது, இரவு கழிந்த பிறகே மணம் சமநிலைக்கு வரும்.

கேக்கில் ஏறிய வாசத்துக்கும் இதுவே காரணம். எளிதில் ஆவியாகும் இந்த எண்ணெய்கள் கொழுப்பை நாடிச் செல்பவை. மூடிய பெட்டிக்குள் பெப்பர்மின்ட் மிட்டாய்க்கு அருகில், வெண்ணெய் நிறைந்த பிளம் கேக்கை வெறும் பட்டர் பேப்பரில் சுற்றி இரண்டு நாள் வைத்தால், பழமும் பட்டையும் கிராம்பும் ஊறிய மணத்தின் மேல் மென்தால் ஏறி உட்கார்ந்துவிடும். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இந்தக் குறைதான். அக்டோபரில் ஊறப்போட்ட பழங்களால் செய்த கேக் அது. அதில் தன்னளவில் எந்தப் பிழையும் இல்லை, பக்கத்தில் வைத்ததால் மட்டுமே அது பாழானது.

மறு சோதனையும் பிப்ரவரி ஆர்டரும்

ஜனவரியில், பொங்கல் வேலைகள் முடிந்ததும், 250 கிராம் வீதம் மூன்று பானைகளில் செய்து பார்த்தோம். மூன்றையும் ஒரே முறையில் டெம்பரிங் செய்தோம்: கறுப்புச் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 46 பாகை வரை உருக்கி, மீதி ஒரு பங்கைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துக் கிளறி 28 பாகைக்கு ஆற்றி, மீண்டும் 31 பாகைக்குக் கொண்டுவந்தோம். முதல் பானைத் துண்டுகளைக் குளிரூட்டிய அறையில் 23 பாகையில் இறுகவிட்டோம். இரண்டாவதை மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் இரவு வைத்து, காலையில் அடுக்களைக்கு எடுத்து வந்தோம். மூன்றாவதில் ஆறில் ஒரு பங்கு காம்பவுண்டைக் கலந்தோம். ஐந்தாம் நாள் முதல் தட்டு கண்ணாடி போல இருந்தது. இரண்டாவதில் சொரசொரப்பான புள்ளிகள், மூன்றாவதில் மழமழப்பான சாம்பல். திரும்பி வந்த பெட்டிகளை அப்படியே பார்ப்பது போலிருந்தது.

குளிர்சாதனப் பெட்டியை முற்றிலும் விலக்கவில்லை. அச்சு இறுகுவதற்குப் பதினைந்து நிமிடம் அதில் வைப்பதால் தீங்கில்லை. நீண்ட நேரம் வைத்தே ஆக வேண்டுமானால், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்த பிறகும் டப்பா அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் இருக்கிறோம். வியர்வை டப்பாவின் வெளிப்புறத்தில் படிந்து போய்விடுகிறது.

பூரணத்தையும் மாற்றினோம். கடைகளில் விற்கும் மின்ட் சாக்லேட்டுகள் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதன் காரணத்தைத் தேடியபோது, அவற்றில் பலவற்றின் உள்ளே கிரீம் இல்லை, ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் பிசைவே உண்டு என்பது தெரிந்தது. 1940-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள யார்க் நகரில் தொடங்கிய யார்க் பெப்பர்மின்ட் பேட்டியும், 1962-இல் இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்த ரவுன்ட்ரீ நிறுவனம் கொண்டுவந்த ஆஃப்டர் எயிட்டும் அவ்வகையைச் சேர்ந்தவை. அதிலுள்ள சொற்ப நீரையும் சர்க்கரையே பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகள் எளிதில் வளர்வதில்லை. ஆஃப்டர் எயிட்டில் பிசைவு கெட்டியாக இருக்கும்போதே சாக்லேட்டால் மூடிவிடுகிறார்கள். அதில் சேர்த்திருக்கும் இன்வர்ட்டேஸ் என்னும் நொதி, நாளடைவில் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து உள்ளிருப்பதை இளகச் செய்கிறது. எங்களுக்கு நொதி தேவைப்படவில்லை. 400 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி திரவ குளுக்கோஸ், சிறிது வெண்ணெய், பிசைவதற்கு மட்டுமான தண்ணீர், 4 சொட்டு எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, காசு அளவில் தட்டி, ஓரிரவு உலரவிட்டுச் சாக்லேட்டில் முக்கி எடுக்கிறோம்.

கனாஷ் வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கிரீமைப் போல இரண்டு மடங்கு சாக்லேட் சேர்த்துக் கெட்டியாகச் செய்து, 27 பாகைக்குக் கீழே ஆறிய பிறகே ஓட்டில் நிரப்பி, ஓரிரவு விட்டு மூடி போட்டு, குளிரில் வைத்து நான்கு நாளுக்குள் உண்ணும்படி சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். புதினாத் தழையையும் கைவிடவில்லை. அன்றே பரிமாறும் சாக்லேட் புட்டிங்குக்கும் மூஸுக்கும் அதன் பச்சை மணம் அழகாகப் பொருந்துகிறது. தழையைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, பத்து நிமிடம் மட்டும் ஊறவைத்து வடிகட்டுகிறோம். தழையிலிருந்து பச்சை நிறம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை, சூட்டில் பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்து காய்ந்த இலை நிறமாகிவிடும்.

பிப்ரவரியில் ஒரு திருமண வெள்ளி விழாவுக்கு 30 பெட்டிகள் கேட்டார்கள். கேட்டவர், டிசம்பரில் பணம் திருப்பிக் கொடுத்த வீடுகளுள் ஒன்றைச் சேர்ந்தவர். இம்முறை புதினாச் சாக்லேட்டை அலுமினியத் தாளில் தனித்தனியே சுற்றித் தனிப் பெட்டியிலும், கேக்கை வேறு பெட்டியிலும் வைத்தோம். தேவையைவிட அரை கிலோ சாக்லேட் கூடுதலாக வாங்கி வைத்திருந்ததால் காம்பவுண்டுப் பக்கம் போக வேண்டிய நிலை வரவில்லை. ஒரு பெட்டியை வீட்டு அலமாரியிலேயே சோதனைக்காக நிறுத்தி வைத்தோம். பன்னிரண்டாம் நாள் மதினி அதைப் பிரித்து, ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பென்சிலால் எழுதிய 1 என்ற எண்ணைச் சரிபார்த்துவிட்டு, காதருகே வைத்து உடைத்தார். 'டக்'கென்று கேட்டது.